வடக்குப்பட்டில் மூச்சு விட்ட துளை

எனக்குப் பயம் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துளை போடும் வேலையில் இருந்த காலம் முழுக்க, வேலை முடிந்து டென்ட்டுக்குப் போகிறவன் பாதி வழியில் திரும்பி வந்து கயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், வால்வைத் தொட்டுப் பார்ப்பேன். சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு காது என்ஜின் சத்தத்தில் இருக்கும். என் ஆட்கள் எனக்கு வைத்த பெயர் 'ஐயோ மேஸ்திரி'. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பூமிக்கு அடியில் இருப்பதை நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். நான் பயந்து பயந்து தெரிந்துகொண்டேன்.

புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் என்னைக் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணே, எந்தப் பாறை ரொம்பக் கஷ்டம்?" கெட்டிப் பாறை உங்களை ஒன்றும் செய்யாது தம்பிகளே. துளைக்கிற முனையைத் தேய்க்கும், அவ்வளவுதான். நான் பயந்ததெல்லாம் பாறையே இல்லாத இடத்துக்குத்தான்.

இப்போது ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் வரிசையாக நிற்கிற ரோடு இருக்கிறதே, அதிலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் உள்ளே போனால் அப்போது வெறும் வேர்க்கடலைக் கொல்லையும் கருவேலமும்தான். எழுபதுகளில் ஒரு பஞ்ச வருஷம். ஏரி எல்லாம் வெடித்துக் கிடந்தது. நிலத்தடியில் தண்ணீர் எங்கே தங்குகிறது என்று பார்க்க எங்களை அனுப்பியிருந்தார்கள். துளை போட ஒரு ரிக், ஒரு லாரி, துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய ஒரு கம்ப்ரஸர். அதை ஓட்டுகிறவன் கபூர். மெட்ராஸ்காரன், வாய் நீளம். எங்களுக்கு மேலே ஒரு ஜியாலஜிஸ்ட் ஐயா. ஐயாவின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசாதவர். மண்ணைக் கையில் எடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார்.

அங்கே நாங்கள் போட்ட துளையில் மேலே சிவப்புச் சரளை வந்தது. பிறகு எருமைத் தோல் மாதிரிக் களிமண். அதற்குக் கீழே உருண்டைக் கல். தேங்காய் அளவு, பானை அளவு, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி. நடுவே மண்ணே கிடையாது. அதையும் தாண்டினால் கறுப்பாக ஏடு ஏடாக ஷேல் பாறை. ஐயா அதைச் சுத்தியால் லேசாகத் தட்டிப் பிளந்து காட்டினார். உள்ளே இலை. காம்பும் நரம்புமாக, நேற்று விழுந்த மாதிரி ஓர் இலை. மனுஷன் பிறக்காத காலத்து இலை என்றார். அன்றைக்குச் சாயந்திரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உருண்டைக் கல்லைத் தொட்ட நாளிலிருந்து ஒரு தொல்லை. துளைக்கும்போது உள்ளே தண்ணீர் விடுவோம், அது பொடியை அள்ளிக்கொண்டு மேலே வரும். இங்கே விட்ட தண்ணீர் வரவே இல்லை. டாங்கர் டாங்கராகக் குடித்தது. "அடியில எவனோ வாயைத் தொறந்துகினு படுத்துகினு கீறான் மேஸ்திரி" என்றான் கபூர். ஐயா மட்டும் சந்தோஷப்பட்டார். "தண்ணீர் திரும்பி வராததும் ஒரு செய்திதான். அந்தக் கல் அடுக்கு ஏரி நிறைந்த காலத்தில் தண்ணீர்த் தொட்டி. இப்போது காலித் தொட்டி. காற்று மட்டும் இருக்கிறது" என்றார்.

களிமண் சரியாமல் இருக்கக் கல் அடுக்கு வரைக்கும் இரும்புக் குழாய் இறக்கினோம். மறுநாள் மத்தியானம் குழாய் ஊதத் தொடங்கியது.

புல்லாங்குழல் மாதிரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். யாரோ உதட்டைக் குவித்து, சுருதி மாறாமல், மூச்சே வாங்காமல் ஊதுகிற சத்தம். கொல்லையில் காற்றே கிடையாது, ஓர் இலை அசையவில்லை. களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கொல்லை காலி. அடுத்த நாள் காலையில் சத்தம் இல்லை. நான் குழாய் வாயில் கையை வைத்தேன். உள்ளங்கையை இழுத்தது. கன்றுக்குட்டி விரலைச் சப்புமே, அந்த மாதிரி. கையை உருவிக்கொண்டு ஓடிவந்து ஐயாவிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு காய்ந்த புல்லைக் குழாய் வாய்மேல் பிடித்துக் காட்டினார். "மேலே இருக்கிற காற்றுக்கும் கனம் உண்டப்பா. காலையில் கனம் கூடும், பூமிக்குள் அமுக்கும். மத்தியானத்துக்கு மேல் குறையும், உள்ளே இருக்கிறது வெளியே வரும். களிமண் மேலே மூடியாக இருப்பதால் அதற்கு நம் குழாயை விட்டால் வேறு வழி இல்லை. பேய் இல்லை, மூச்சு." பிறகு ஒன்று சொன்னார். "ஆனால் வெளியே வரும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே. நாள்பட உள்ளே கிடந்த காற்றில் உயிர் இருக்காது."

அவர் பேய் இல்லை என்று சொன்னதில் எனக்குப் பயம் குறையவில்லை. பூமி மூச்சு விடுகிறது என்றால் அது பேயைவிடப் பெரிசு இல்லையா?

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு காலையில் பூசாரியை அழைத்துவந்து குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். தட்டில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவினார்கள். எழும்பின புகை மேலே போகவில்லை. வளைந்து, நூல் மாதிரித் திரிந்து, குழாய்க்குள் இறங்கியது. அத்தனை புகையும். பூசாரி தட்டைக் கீழே போட்டுவிட்டார். "வாங்கிக்கிச்சுடா!" என்று ஒரு கிழவர் சொன்னார்.

இரண்டு கொல்லை தள்ளி துரைக்கண்ணு என்கிற விவசாயிக்கு ஒரு கிணறு. தூர்ந்து வறண்டது. நாற்று கருகிக்கொண்டிருந்ததால் அதை ஆழப்படுத்த ஆள் வைத்திருந்தார். உள்ளே இறங்கி வெட்டுகிறவன் கன்னியப்பன். மேலே கப்பியில் கூடையை இழுப்பது அவன் பெண்சாதி பச்சையம்மாளும் தம்பி ஏழுமலையும். சாம்பிராணி போட்ட அன்றைக்கு மத்தியானம் கன்னியப்பன் மேலே ஏறிவந்து, "கீழ யாருனா பூசை போட்டீங்களா? சாம்பிராணி வாசனை வருதே" என்று கேட்டிருக்கிறான்.

அதை ஐயா காதில் போட்டேன். ஐயா கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தார். களிமண்ணைத் தாண்டி, கிணற்றின் அடி உருண்டைக் கல்லைத் தொட்டிருந்தது. "இரண்டும் ஒரே அடுக்காக இருக்கலாம். ஆனால் புகை தரைமேலேயே தவழ்ந்து கிணற்றில் விழுந்திருக்கவும் கூடும். ஒரு நாள் வாசனையை வைத்து முடிவு கட்டாதே" என்றார். வரைபடத்தில் நம் துளையையும் கிணற்றையும் புள்ளிக்கோட்டால் சேர்த்தார். சந்தேகம் என்றால் புள்ளிக்கோடு. அது உங்களுக்கும் தெரியும்.

குழாய் ஊதுகிற சத்தம் நின்றால்தான் பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்று ஊரார் கேட்டுக்கொண்டதால், கோணியைச் சுருட்டிக் குழாய் வாயை அடைத்தோம். ஐயா அதற்குச் சம்மதித்தார். ஆனால் மேற்கொண்டு துளைப்பதா நிறுத்துவதா என்று கேட்டுவர மெட்ராஸுக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சத்தம்தான் நின்றிருக்கிறது, மூச்சு நிற்கவில்லை. போய்ப்போய்ப் பார்த்துக்கொள். உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை, நீ எப்படியும் பார்ப்பாய்."

பார்த்தேன். காலையில் கோணி குழிந்து தொப்புள் மாதிரி உள்ளே போயிருக்கும். மத்தியானத்துக்கு மேல் லேசாக உப்பும். இரண்டு மூன்று நாள் இப்படியே.

அப்புறம் அந்த நாள். விடிந்தது முதல் வானம் ஈயப் பாத்திரத்தின் உள்பக்கம் மாதிரி இருந்தது. புழுக்கம். கடலில் புயல்சின்னம் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னதாகக் கபூர் வந்து சொன்னான். துரைக்கண்ணுவுக்குச் சந்தோஷம், மழை வரும் முன்னே ஊற்றுக் கண்ணைத் திறந்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாராம். நாஷ்டா முடித்துவிட்டு நான் குழாயடிக்குப் போனேன். குழிந்திருக்க வேண்டிய நேரம்.

கோணி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பாதிக்கு மேல் வந்துவிட்டது. உள்ளே இருந்து யாரோ தலையால் முட்டுகிற மாதிரி, மெதுவாக, விடாமல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு விரற்கடை வந்தது. பிறகு கழன்று விழுந்தது. சத்தம் கிளம்பியது. முன்பு கேட்ட சத்தம் இல்லை இது, அடித்தொண்டையிலிருந்து வருகிற சத்தம். முகத்தில் பட்டது குளிர்ந்த காற்று. பழைய மண் வாசனை.

"இன்னா மேஸ்திரி, ஐயோ மூஞ்சி போட்டுகினு நிக்கிற?" என்று கேட்டான் கபூர்.

"காலையில இழுக்கணும்டா. தள்ளுது."

"தள்ளினா இன்னா? அதுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?"

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: புயலால் காற்றின் கனம் இறங்குகிறது, பூமி மூச்சு விடுகிறது, அந்த மூச்சில் உயிர் இல்லை. கிணறும் அதே அடுக்கைத் தொட்டிருந்தால் அங்கேயும் வரும். தொட்டிருந்தால். ஐயாவே புள்ளிக்கோடு போட்ட இடம். நான் யார் அதை முழுக்கோடு ஆக்க? போய்ச் சொல்லி ஒன்றும் இல்லை என்றால் ஊரே சிரிக்கும். என்னைப் பார்த்து ஊர் சிரித்தது அதற்கு முன்னால் நிறையத் தடவை. அதனால் போனேன். சிரிப்புக்குப் பழகினவனுக்கு அது ஒரு வசதி.

"கம்ப்ரஸரை லாரியில மாட்டி வை. நான் துண்டை வீசினா கெணத்தாண்ட எடுத்துகினு வா" என்று கபூரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

கிணற்றடியில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். துரைக்கண்ணு என்னைப் பார்த்ததும், "வாய்யா மேஸ்திரி! ஒன் மிசினு கண்டுபுடிக்காததை இவன் கடப்பாரை கண்டுபுடிச்சிரும் போல கீதே. கீழ ஜில்லுனு காத்து வருதாம். தண்ணி கிட்டதான்" என்றார்.

ஜில்லென்று காற்று. அவருக்கு அது தண்ணீர். எனக்கு அது கோணியைத் தள்ளின காற்று. ஒரே செய்தி, இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்தோம். அவர் படித்ததுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

"ஆளை மேல ஏத்துங்க. காத்து கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.

"விளக்கு வுட்டுப் பாத்துட்டுதான எறக்கினோம்" என்றான் ஏழுமலை. "விடிகாலைல வுட்டேன். சும்மா ஜெகஜோதியா எரிஞ்சுச்சு."

"இப்ப வுடு."

"காலைல எரிஞ்ச விளக்கு இப்ப எரியாதா? இன்னாய்யா நீ, வேலை நேரத்துல பேஜார் பண்ற?"

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் அசட்டை செய்யவில்லை. தினமும் சோதித்தார்கள். தினமும் ஒரே நேரத்தில், விடிகாலையில், பூமி மூச்சை உள்ளே இழுக்கிற நேரத்தில். நல்ல காற்று கிணற்றுக்குள் இறங்குகிற நேரத்தில் விட்ட விளக்கு எரியாமல் என்ன செய்யும்? அது பொய் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கான உண்மையைச் சொன்னது.

நான் பச்சையம்மாள் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் கீழே இருந்து சிரிப்பு வந்தது. ஓர் ஆள் தனக்குத்தானே, நிம்மதியாக, விட்டு விட்டுச் சிரிக்கிறான்.

"எதுக்கும்மா சிரிக்கிறாரு?"

அவள் கயிற்றைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "அது சிரிக்கவே சிரிக்காதே" என்றாள் மெதுவாக. "கல்யாணத்தன்னைக்கே மூஞ்சைத் தூக்கி வெச்சுகினு இருந்த ஆளு." கிணற்றுக்குள் எட்டி, "யோவ்! மேல வாய்யா!" என்று கத்தினாள்.

"எதுக்கு? இங்க நல்லா கீது!"

"கயித்தை இடுப்புல கட்டு. வான்றேன் இல்ல!"

"நல்லா கீது புள்ள..." சிரிப்பு. கடப்பாரை கல்லில் விழுந்த சத்தம். அப்புறம் சத்தம் இல்லை.

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக் கயிற்றைப் பிடித்துவிட்டான். நான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி. துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு, "இவனைப் புடிங்க, விளக்கை எறக்கிக் காட்டுறேன்" என்று கெஞ்சினேன். அவர் முகம் மாறிவிட்டிருந்தது, பிடித்துக்கொண்டார். நான் துண்டை வீசிவிட்டு அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் விட்டேன். சிவப்பு மண்ணைத் தாண்டியது, எரிந்தது. களிமண் வரை எரிந்தது. களிமண் முடிகிற இடத்தில் சுடர் நீலமாகிச் சின்னதாகி, இரண்டு விரலால் கிள்ளின மாதிரி போயிற்று. புகை கூட வரவில்லை.

"பாத்தியா? நீ எறங்கினா நீயும் சிரிப்ப" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வேலைக் காலத்திலேயே நீளமான நேரம். வேப்பங்கிளையை ஒடித்துக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் விட்டு மேலும் கீழும் அடித்தோம், காற்றைக் கலக்க. லாரி வரப்பில் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பூராவும் பச்சையம்மாள் என்னை வைதாள்.

"நீ ஆம்பளையா? என் புருசன் அங்க கெடக்குறான், நீ விளக்கு வுட்டு வெளாடிகினு கீற! வுடு, நான் போறேன்! செத்தா ரெண்டு பேரும் சாவுறோம், உனுக்கு இன்னா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. நான் பிடித்து வைத்திருப்பதால்தான் அவன் சாகிறானோ என்றும் தோன்றியது. ஆனால் கண்ணால் பார்த்த சுடர் ஒன்றுதான் எனக்கு இருந்தது. அதை விடவில்லை. "விளக்கு எரிஞ்சா போலாம்மா. எரிஞ்சா உடனே போலாம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கபூர் வந்தான். முதல் தடவையாக அவன் வாயில் ஒரு கிண்டலும் இல்லை. ஹோஸை அடிவரை இறக்கிக் கம்ப்ரஸரைத் திறந்தோம். கிணற்றுக்குள் இருந்து ஒரு பெருமூச்சு மேலே வந்தது, தூசியும் குளிருமாக. விளக்கை விட்டேன். அணைந்தது. பச்சையம்மாள் என் முதுகில் குத்தினாள். மறுபடி விட்டேன். களிமண்ணைத் தாண்டி நீலமாயிற்று, அணைந்தது. கம்ப்ரஸர் கத்திக்கொண்டே இருந்தது. மறுபடி. இந்தத் தடவை கீழே போய் உருண்டைக் கல்லின் மேல் நின்று, மஞ்சளாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கன்னியப்பனின் கை மட்டும் தெரிந்தது.

"போ!" என்றேன். ஏழுமலை இடுப்பில் கயிற்றோடு இறங்கினான். அண்ணனைக் கட்டி அனுப்பினான், பிறகு தானும் வந்தான். தரையில் போட்டபோது கன்னியப்பன் உதடு கத்தரிக்காய் நிறம். மார்பில் அசைவு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பச்சையம்மாள் அவன் கன்னத்தில் அறைந்தாள், வைது வைது அறைந்தாள். ஓர் அறைக்கு அவன் இருமினான். அதே நேரத்தில் முதல் தூறல் விழுந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, அப்படியே நனைந்தோம்.

புயல் ஓய்ந்து ஐயா திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டார். என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன், பாராட்டவில்லை. "நான் கிளம்பும் முன் கிணற்று ஆட்களிடம் மத்தியானமும் விளக்கு விடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். வரைபடத்தை எடுத்து அந்தப் புள்ளிக்கோட்டின் மேல் பேனாவால் முழுக்கோடு போட்டார்.

பிறகு கன்னியப்பனைப் பார்க்க இருவரும் போனோம். குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான். பச்சையம்மாள் ஒரு சொம்பு மோரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஐயா தன் வழக்கப்படி விவரம் கேட்டார்.

"மூச்சு முட்டிச்சா?"

"இல்லீங்க."

"நெஞ்சு அடைச்சுதா? தலை வலி? கண் இருட்டிச்சா?"

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா." கன்னியப்பன் கொஞ்சம் யோசித்தான். சொல்லலாமா என்பது மாதிரிப் பெண்சாதியைப் பார்த்தான். "ரொம்ப நல்லா இருந்துச்சு. யாரோ பக்கத்துல குந்திகினு எனக்குன்னே விசிறுற மாதிரி. இவ மேல இருந்து கூப்புட்டா பாருங்க, அதுதான் எனுக்குப் புடிக்கல."

ஐயா நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இன்றைக்கு உங்களிடம் காற்றைச் சோதிக்கிற கருவி இருக்கிறது, நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். உயிர் இல்லாத காற்று மூச்சை முட்டாது, சுகமாக மயக்கும். கீழே இருக்கிறவன் கத்தினால் அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கீழேயிருந்து "நல்லா இருக்கு" என்று குரல் வந்தால், காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அவனுக்குப் பிடிக்காவிட்டாலும் விடாமல் கூப்பிடுங்கள்.